எந்த 34 டிகிரி?

வணக்கம் நேயர்களே. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சண்டை பழகிப்போன ஒன்று. இங்கே மைக்ரோமீட்டரில் பார்த்து ஓகே போட்டு அனுப்பிய அலுமினிய புஷ் (குழாய் மாதிரியான உருளைத் துண்டு), வாங்கியவரின் ஏ.சி. அறையில் ‘சைஸ் கம்மி’ என்று திரும்பி வரும். இரண்டு பக்கமும் பொய் இல்லை. நீள அளவுக்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. நம் பட்டறையில் 34. நூறு மில்லிமீட்டர் அலுமினியம் இந்த 14 டிகிரிக்கு 32 மைக்ரான் விரியும் (மில்லிமீட்டரை ஆயிரமாக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). மைக்ரோமீட்டரின் இரும்பு அதில் பாதிதான் விரியும். மீதி 16 மைக்ரான்தான் சண்டை. ஒரு அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை டிஜிட்டல் ட்வின், அதாவது கணினிக்குள் இருக்கும் நகல், எப்படிச் சொல்கிறது என்று இன்று பார்ப்போம்.

கழித்துவிடலாமே என்பீர்கள். கழிக்கலாம். ஆனால் எந்த 34? சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் சொல்வதா, பொருளின் 34-ஆ? கையில் பிடித்து அளந்தால் அந்தச் சூடும் சேரும்; கல் மேசையில் ஆறப்போடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை!

கருவியில் குறையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பொருளின் வெப்பநிலையில் அரை டிகிரி சந்தேகம் இருந்தால் அதுவே 1.15 மைக்ரான். அலுமினியத்தின் விரிவு எண் 23 என்கிறோம், அதாவது ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும்; ரகத்துக்கு ரகம் ஒன்று கூடும், குறையும். 14 டிகிரியில் அது 1.4 மைக்ரான். இரண்டு சந்தேகமும் சேர்ந்தால் எவ்வளவு? அப்படியே கூட்டினால் அதிகமாகிவிடும், இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அபூர்வம். இங்கேதான் டிஜிட்டல் ட்வின் வருகிறது. கருவியையும் பொருளையும் அறையின் சூட்டையும் கணக்காகக் கணினிக்குள் வைத்து, சென்சார் சொல்வதை அவ்வப்போது ஊட்டுவார்கள். அப்புறம் ஏலச்சீட்டு இல்லை, குலுக்கல் சீட்டு. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அதன் எல்லைக்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து அளவைக் கணக்கிடுவது. இப்படிப் பத்து லட்சம் தடவை. 2008-இல் வந்த சர்வதேச வழிகாட்டி, பெரும்பாலும் இவ்வளவு போதும் என்கிறது. விடைகளை வரிசைப்படுத்தி இரு ஓரத்திலும் இரண்டரை சதவீதத்தைத் தள்ளினால், மிஞ்சுவது நம் நிச்சயமின்மை. இந்த உதாரணத்தில் கூடவோ குறையவோ 2 மைக்ரான்.

அதே பொருளை இருபதரை டிகிரி அறையில் வைத்துக் குலுக்குங்கள், 1.1 ஆகிறது. விரிவு எண்ணின் சந்தேகத்தை ஏ.சி. விழுங்கிவிட்டது. தெர்மாமீட்டரின் சந்தேகம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஏ.சி. போட்டாச்சே என்று மட்டமான தெர்மாமீட்டர் வாங்காதீர்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சி.எம்.எம். என்பது ப்ரோப் என்ற ஊசியால் பொருளைத் தொட்டுத் தொட்டு அளக்கும் இயந்திரம். அதில் ஒரு வட்டத்தை 25 புள்ளி தொட்டு அளக்கிறோம். தெர்மாமீட்டர் தப்பு 25 புள்ளிக்கும் ஒரே தப்பு. பத்து லட்சம் குலுக்கலில் ஒவ்வொன்றும் ஒரு சுற்று என்றால், அதை ஒரு சுற்றுக்கு ஒரே தடவைதான் குலுக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி புதிதாகக் குலுக்கினால் தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ரிப்போர்ட் அழகாக இருக்கும், பொருள் திரும்பி வரும். மறுபடி சொல்கிறேன், பொதுவான தப்பை ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. ப்ரோப் நுனியின் நடுக்கம் மட்டும்தான் புள்ளிக்குப் புள்ளி.

சி.எம்.எம். மாதிரி மூன்று அச்சு இயந்திரத்துக்கு, அச்சு நேராக இல்லாதது, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாதது என்று 21 வடிவத் தப்புகள் உண்டு, அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: ப்ரோப் எங்காவது இடித்துவிட்டால் கணினிக்குள் இருப்பது பழைய இயந்திரம். சான்றிதழ் உள்ள ரிங் கேஜ் (விட்டம் துல்லியமாகத் தெரிந்த வளையம்) ஒன்றை அளந்து பாருங்கள். வித்தியாசம், ட்வின் சொன்ன எல்லையையும் சான்றிதழின் எல்லையையும் சேர்த்த பிறகும் மிஞ்சினால், அந்த 21-ஐயும் மறுபடி அளந்து ஏற்றும் வரை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். வணக்கம்.