5-க்கு 4-இல் தங்கம் போனது, அப்புறம் கோச் ஆனார்: பிரையன் ஓர்சர்

மக்களே, வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மொத்தமாக ஐஸைப் பார்க்க வேண்டுமென்றால் குளச்சலுக்கோ சின்னமுட்டம் துறைமுகத்துக்கோ போக வேண்டும், அதுவும் மீன் மேல்தான் கிடக்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பிளேடு ஷூ போட்டு ஐஸ் மேல் ஜம்ப்பும் சுழற்சியுமாக ஆடும் விளையாட்டு பற்றி ஒரு வீடியோவா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. தூத்தூர் பக்கம் ஃபுட்பால் ஆகட்டும், நாகர்கோவிலில் ரோலர் ஸ்கேட்டிங் ஆகட்டும், பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "கோச் என்ன மெடல் வாங்கியிருக்கார்?" இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, பிரையன் ஓர்சரை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை.

[திரையில்: சரயேவோ, 1984]

கனடாக்காரர். 1981 முதல் 1988 வரை ஒரு வருடம்கூட விடாமல் தேசிய சாம்பியன். பெயரைச் சொன்னாலே டிரிபிள் ஆக்செல் என்ற ஜம்ப்தான் ஞாபகம் வரும். மற்ற ஜம்ப்களுக்கெல்லாம் பின்பக்கமாகப் போய்த்தான் எழும்புவார்கள், ஆக்செலுக்கு மட்டும் முன்னால் பார்த்து எழும்பிப் பின்பக்கமாக இறங்க வேண்டும், அதனால் பெயரில் மூன்று சுற்று என்றாலும் காற்றில் மூன்றரை. ஒலிம்பிக்ஸில் அதை முதன்முதலில் போட்டவர் ஓர்சர், 1984 சரயேவோவில்.

அந்த ஒலிம்பிக்ஸில் இசைக்கு ஆடும் ஷார்ட் புரோகிராம், அதைவிட நீளமான ஃப்ரீ ஸ்கேட்டிங் இரண்டிலும் அவர்தான் முதலிடம். ஆனாலும் வெள்ளி! ஏனென்றால் அப்போது கம்பல்சரி ஃபிகர்ஸ் என்று ஒரு பகுதி இருந்தது. லைசென்ஸ் எடுக்க ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போடுவோமே, கிட்டத்தட்ட அதே வேலை. பிளேடால் ஐஸ் மேல் எட்டு வரைந்து, போட்ட கோட்டின் மேலேயே திரும்பவும் போக வேண்டும், நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். மொத்த மதிப்பில் 30 சதவீதம் அதற்கு. ஓர்சர் அதில் 7ஆவது. தங்கம் அமெரிக்காவின் ஸ்காட் ஹாமில்டனுக்குப் போனது. 1990-இல் அந்தப் பகுதியையே தூக்கிவிட்டார்கள், ஓர்சருக்குத்தான் பயனில்லை.

1987-இல் உலக சாம்பியன். அடுத்த வருடம் கால்கரி ஒலிம்பிக்ஸ், சொந்த நாடு, தொடக்க விழாவில் கொடி பிடித்ததும் இவர்தான். எதிரே அமெரிக்காவின் பிரையன் பாய்டானோ. இரண்டு பேருக்கும் ஒரே பெயர், இரண்டு பேருக்கும் ராணுவ உடுப்பு. ஓர்சர் டிரிபிள் ஃபிளிப் என்ற ஒரு ஜம்ப்பில் இறங்கும்போது லேசாகத் தடுமாறினார், இரண்டாவது டிரிபிள் ஆக்செலை டபுளாகக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். 9 நடுவர்களில் 5 பேர் பாய்டானோ பக்கம், 4 பேர் ஓர்சர் பக்கம். மறுபடியும் வெள்ளி.

அப்புறம் பல வருடம் ஐஸ் ஷோக்கள். அதைத் தாண்டிவிடலாம், நமக்கு வேண்டியது அதற்குப் பிறகுதான்.

[திரையில்: டொரான்டோ]

2006-இல் தென் கொரிய ஸ்கேட்டர் யுனா கிம், நடன அமைப்பாளர் டேவிட் வில்சனிடம் புரோகிராம் அமைக்க டொரான்டோ வந்தார். அங்கே ஓர்சரிடம் பயிற்சி ஆரம்பித்தது. அவர் முழுநேர கோச் ஆனதே யுனாவால்தான் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டொரான்டோ கிரிக்கெட், ஸ்கேட்டிங், கர்லிங் கிளப்பில் ஓர்சர் தனியாளாக உட்காரவில்லை. ட்ரேசி வில்சனைக் கூட வைத்துக்கொண்டார். அவர் கால்கரியில் ஐஸ் டான்ஸில் வெண்கலம் வாங்கியவர். ஐஸ் டான்ஸில் பெரிய ஜம்ப்பே கிடையாது, முழுக்க முழுக்க பிளேடின் விளிம்பு, வேகம், முழங்கால். அந்த கிளப்பில் பெயர் பெற்றது ஸ்ட்ரோக்கிங் வகுப்புதான், எல்லோரும் கூட்டமாகச் சேர்ந்து ரிங்க்கைச் சுற்றி வர வேண்டும், ஜம்ப் ஒன்றும் இல்லை. பார்க்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஜம்ப்பின் உயரமும் தூரமும் அதற்குள் நுழையும் வேகத்திலிருந்துதான் வருகின்றன, விளிம்பு ஆடினால் எழும்பும் முன்பே காரியம் கெட்டுவிடும். டிரிபிள் ஆக்செல் மன்னன் ஒருவர், தன் ஜம்ப்பை மட்டும் நம்பிக் கடை திறக்காமல் அதற்கு வேறொரு ஆளைக் கூட்டி வந்தாரே, அவர் வாங்கிய மெடல்களை விட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

2010 வான்கூவரில் யுனாவுக்கு 228.56 புள்ளிகள், அன்றைய உலக சாதனை. இரண்டாம் இடம் வந்த மாவோ அசாதாவுக்கு 205.50. அந்த ஃப்ரீ ஸ்கேட்டிங்கைத் தேடிப் பார்த்தால், ஓரத்தில் நிற்கும் ஓர்சரையும் பாருங்கள், யுனாவோடு சேர்ந்து இவரும் குதிப்பார்.

அந்த வருடம் ஆகஸ்டிலேயே யுனாவும் ஓர்சரும் பிரிந்தார்கள், அதுவும் ஊரறிய. யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

[திரையில்: ஒரே ரிங்க், இரண்டு எதிரிகள்]

அதற்குப் பிறகு ஸ்பெயினின் ஹாவியர் ஃபெர்னாண்டஸ் வந்தார், 2012-இல் ஜப்பானின் யுசுரு ஹான்யூ வந்தார். தினமும் ஒரே ரிங்க்கில் பயிற்சி, போட்டியில் நேருக்கு நேர். 2014 சோச்சியில் ஹான்யூவுக்குத் தங்கம், ஃபெர்னாண்டஸ் 4ஆம் இடம். அடுத்து 2015, 2016 உலகப் போட்டிகள் இரண்டிலும் ஃபெர்னாண்டஸ் தங்கம், ஹான்யூ வெள்ளி! ஒருவரை ஜெயிக்க வைத்தால் இன்னொருவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? 2018 பியோங்சாங்கில் ஹான்யூவுக்குத் தங்கம், ஃபெர்னாண்டஸுக்கு வெண்கலம். ஹான்யூ ஆடும்போது ஜப்பான் ஜாக்கெட், ஃபெர்னாண்டஸ் ஆடும்போது ஸ்பெயின் ஜாக்கெட் என்று ஓர்சர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார், இவரோ கனடாக்காரர்.