வாடகைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து

நண்பர்களே, கனடாவுக்கு வந்த புதிதில் வீடு எடுக்கும்போது, தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்போம். நானும் சொல்லியிருக்கிறேன், மற்றவர்களுக்குப் போட்டும் கொடுத்திருக்கிறேன். 1997-இல் ஒட்டாவாவில் அப்படி விழுந்த ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மாஹர் அரார் சிரியாவில் பிறந்தவர், கனடியக் குடிமகன், பொறியாளர். 2002 செப்டம்பர் 26 அன்று, துனிசியாவில் விடுமுறை முடிந்து வீடு திரும்பும் வழியில், நியூயோர்க்கில் விமானம் மாற இறங்கினார். அங்கே பிடித்து வைத்துக் கேள்வி கேட்டவர்கள் அவர் முன்னால் ஒரு தாளை எடுத்துப் போட்டார்கள். அவருடைய ஐந்து வருடத்துப் பழைய வாடகைப் பத்திரம். 'சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உனக்கு என்ன உறவு?'

அப்புறம் அவரை ஜோர்தான் வழியாகச் சிரியாவுக்கு அனுப்பினார்கள். மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஏழடி உயரம். அந்த இருட்டறையில் பத்து மாதம் இருந்தார். சித்திரவதையும் நடந்தது.

அவருடைய தகவல் அமெரிக்கர்கள் கைக்கு எப்படிப் போனது? அரசு அமைத்த ஆணையத்தில் நீதிபதி டெனிஸ் ஓ'கானர் விசாரித்து, 2006-இல் அறிக்கை தந்தார். கூட்டரசுப் பொலிஸான ஆர்.சி.எம்.பி. விசாரணைக் கோப்பையே குறுந்தகடுகளில் அமெரிக்காவுக்குக் கொடுத்திருந்தது. எது சரி, எது வெறும் ஊகம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. 'எங்களைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது' என்ற வழக்கமான நிபந்தனை வரியைக்கூடச் சேர்க்கவில்லை. அராரையும் அவர் மனைவியையும் தீவிரவாதிகள் என்று குறித்து, எல்லையில் கண்காணிக்கச் சொல்லியும் கேட்டிருந்தது. அவர் குற்றம் செய்ததற்கோ நாட்டுக்கு ஆபத்தானவர் என்பதற்கோ எந்த ஆதாரமும் இல்லை என்றார் ஓ'கானர். 2007-இல் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இழப்பீடு 1 கோடியே 5 லட்சம் டொலர்.

பிழை விட்ட அதிகாரிகளைத் திட்டிவிட்டு எழுந்துபோக என்னால் முடியவில்லை. ஒரு அலுவலகத்தில் 'இருக்கலாம்' என்று எழுதியது அடுத்த அலுவலகத்துக்குப் போகும்போது 'தான்' என்று ஆகிவிடுகிறது. அங்கே இருப்பவருக்கு முதலில் எழுதியவர் யாரென்றே தெரியாது. இந்த அலுவலகங்களை மேற்பார்வை செய்பவரோ தனக்கு ஒதுக்கிய அலுவலகத்தின் வாசலோடு நின்றுவிடுகிறார். அந்தத் தாள் எங்கெல்லாம் போகிறதோ, அங்கெல்லாம் கூடவே போகக்கூடிய சுதந்திரமான ஓர் அமைப்பு வேண்டும். ஓ'கானரும் இதைத்தான் கேட்டார்: கோப்புகளைக் கட்டாயப்படுத்தி வாங்கும் அதிகாரம், மேற்பார்வை அமைப்புகளுக்குள் தகவல் பரிமாற வழி.

ஆனால் 2015-இல் தேசியப் பாதுகாப்புக்கான தகவல் பகிர்வுக்கென்று வந்த சட்டம் கதவைத்தான் இன்னும் அகலமாகத் திறந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள் நம்மைப் பற்றிய தகவலை 17 அமைப்புகளுக்குக் கொடுக்கலாம். அந்த 17-இல் 14-க்குத் தனியான சுதந்திர மேற்பார்வையே இல்லை என்று அப்போதைய தனியுரிமை ஆணையாளர் டானியல் தெரியன் வாய்விட்டே சொன்னார்.

2019-இல்தான் தேசியப் பாதுகாப்பு, உளவு மீளாய்வு முகமை வந்தது. எந்தத் துறையின் வாசலுக்குள்ளும் போகலாம், இந்தத் தகவல் பரிமாற்றங்களை ஆண்டுதோறும் பார்த்து அறிக்கை தர வேண்டும். நல்ல விஷயம், மனசார வரவேற்கிறேன். ஆனாலும் அதன் பரிந்துரை வெறும் பரிந்துரைதான். ஏற்பதும் விடுவதும் துறையின் விருப்பம்.

விமான நிலையத்தில் நம் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் எல்லைச் சேவை முகமை மீதான முறைப்பாடுகளை விசாரிக்கவும் சுதந்திர அமைப்பு வேண்டும் என்று 2006-இலேயே ஓ'கானர் எழுதினார். அதற்கான சட்டம் நிறைவேறியது 2024-இல். பதினெட்டு வருடம்.