நாலு தந்தியும் சில சொற்களும்

(விஜயதசமி அன்று, வயலின் கற்கப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளுக்கும், அவர்களை அழைத்து வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நாளை முதல் வகுப்பில் உங்கள் காதில் விழப்போகிற சில சொற்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சுருதி என்றால் என்ன என்று கேட்டால் பல பிள்ளைகள் நோட்டில் எழுதியதை அப்படியே ஒப்பிப்பார்கள். வயலினைக் கையில் கொடுத்து, 'சேர்ந்திருக்கிறதா, கேட்டுச் சொல்' என்றால் விழிப்பார்கள். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பது என் ஆசை.

ஆதார ஒலியை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஒரு தந்தியை நீளமாக இழுத்துப் பாருங்கள். இரண்டு ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் முழுதாக ஒட்டாதபோது, நடுவே ஓர் அலை அடிக்கும். தந்தியை முறுக்கும் பிருடையை மெல்லத் திருகத் திருக அந்த அலை நிதானமாகிக்கொண்டே வந்து, அப்புறம் அடங்கிவிடும். அது அடங்குகிற இடத்துக்குப் பெயர்தான் சுருதி சேர்வது. இதை ஒரு முறை கேட்டுவிட்ட பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

'என்ன கட்டை?' என்றும் கேட்பார்கள். எந்த உயரத்தில் சுருதி வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்த பேச்சு இது. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். இடையில் வரும் கறுப்புக் கட்டைதான் ஒன்றரை, இரண்டரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை.

சரி, தந்திக்கு வருவோம். மேற்கத்திய வயலினில் நாலு தந்தியும் ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் அடுத்தடுத்து ஏறிப் போகும். நாம் ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கிறோம். தடித்த தந்தி மந்திர ஷட்ஜம், அதாவது தாழ்ந்த ஸ. மெல்லிய தந்தி மத்திய பஞ்சமம், அதாவது நடு உயரத்து ப. மெல்லியதுதான் முதல் தந்தி, எண்ணிக்கை அங்கிருந்துதான். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இந்தக் கருவியைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தோளில் வைத்து நின்றபடி வாசித்த கருவி, தரையில் உட்கார்ந்து வலது பாதத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டது. வந்த கருவியை நம் பாட்டுக்கு இப்படி வளைத்துக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பூரிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஸ்வரஸ்தானம். ஸ்தானம் என்றால் இடம். வீணையில் தந்திக்கு அடியில் குறுக்கே பதித்த 24 மெட்டுகள் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வயலினில் வெறும் கறுப்புப் பலகைதான். இடத்தை விரலும் காதும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் மாயாமாளவகௌளை என்ற ராகம் நமக்குக் கை கொடுக்கிறது. அதில் ஸ-வை ஒட்டி ரி, அப்புறம் பெரிய இடைவெளி விட்டு க, அதை ஒட்டி ம. மேலே ப, த, நி, ஸ என்பதும் அதே அளவில்தான் அமையும். ஆகவே இரண்டாம் தந்தியில் ஸ ரி க ம வாசித்த விரல்களை, அப்படியே முதல் தந்திக்கு நகர்த்தினால் ப த நி ஸ வந்துவிடும்! முதல் பாடமான சரளி வரிசையை இந்த ராகத்தில் தொடங்குவது வயலின் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உதவி பாருங்கள்.

அடுத்த பாடமான ஜண்டை வரிசையில் ஸஸ, ரிரி என்று இரட்டையாக வரும். இரண்டாவது ஸ்வரத்தில் ஓர் அழுத்தம் விழவேண்டும். விரல் கீழ் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு முதல் படி அதுதான். அதற்கு முன்பே விரலை ஆட்டிப் பழகாதீர்கள். ஸ்தானம் உறுதிப்படாத விரல் ஆடினால் அபஸ்வரம்தான் வரும்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. இந்தச் சொற்கள் வடமொழியாக இருக்கின்றனவே என்று சிலர் தயங்குகிறார்கள். நம்மிடமும் நரம்புக் கருவிக்கென்று வளமான சொற்கள் உண்டு. ஏழு ஸ்வரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை எடுத்ததும் என்னென்ன செய்தாள் என்று இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் முதல் சொல் பண்ணல். நரம்பைப் பண்ணுக்கு, அதாவது ராகத்துக்கு, ஏற்பச் சேர்த்துக்கொள்வது அது. வார்தல், வடித்தல், உந்தல் என்று விரல் வேலைக்கும் தனித்தனிச் சொல் இருந்திருக்கிறது. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

நாளை வரும்போது நோட்டு வேண்டாம். வில்லுக்கு ரோசின் என்ற பிசினைத் தடவிக் கொண்டு வாருங்கள். வீட்டில் முதல் வாரம் மாலையில் பத்து நிமிடம் சுருதிப் பெட்டியைப் போட்டு, விரலே வைக்காமல் இரண்டாம் தந்தியை மட்டும் வில்லின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள்.