ஏழு நாளில் குறைந்தது எது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஏழு நாளில் ஐந்து கிலோ’ என்று பத்திரிகையில் வரும் எடைக்குறைப்புக் குறிப்பைச் செய்து பார்ப்பது நல்லதா, கெட்டதா? கெட்டது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி, “மூன்றாம் நாளே எடை மிஷினில் முள் இறங்கிவிடுகிறதே” என்றார். முள் இறங்குவது உண்மைதான். ஆனால் உடம்பில் எது இறங்கியது?

நம் ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைகோஜன் இருக்கிறது. சோறும் இட்லியும் சேர்த்துவைத்த மாவுச்சத்து அது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் அதில் பெரும்பகுதி கரைந்து, தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். இதிலேயே இரண்டு கிலோ வரை காணாமல் போகும். இடுப்புச் சதை அப்படியேதான் இருக்கும்.

கொழுப்புக் கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 1,800 கலோரி செலவாகும் ஒரு பெண், ஏழு நாளும் வெறும் தண்ணீரே குடித்தாலும் மொத்தச் செலவு 12,600. கரைவது முழுக்கக் கொழுப்பு என்றே வைத்தாலும் 1.6 கிலோ! அதிலும் ஒரு பங்கு தசையிலிருந்துதான் போகும். அப்புறம் ஐந்து கிலோ எங்கிருந்து வரும்?

எட்டாம் நாள் பொங்கலும் வடையும் சாப்பிட்டால், போன தண்ணீர் திரும்பி வரும். அந்தப் பெண் குறிப்பைக் குறை சொல்வதில்லை. “என் உடம்புவாகே இப்படித்தான்” என்று தன்னையே நொந்துகொள்கிறாள். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்றார்கள். கொள்ளு அருமையான தானியம். 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். ஆனால் குறிப்பில் இருப்பது என்ன? வேகவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் குடி என்கிறார்கள். புரதத்தில் பெரும்பகுதி வடிகட்டியில் நிற்கும் பயறில்தானே இருக்கிறது! சுண்டலாகவோ கடைந்தோ சாப்பிட்டால்தான் பசி அடங்கும்.

வேறு வழி உண்டா? உண்டு, அது மெதுவானது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் செலவானால், அதை மூன்றரை லிட்டராக்குங்கள். பொரியலுக்குப் பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே போதும். ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 100 கலோரி மிச்சம், மாதம் கிட்டத்தட்ட 400 கிராம் கொழுப்பு. காலையில் கழிவறை போய்வந்து, காபிக்கு முன் எடை பாருங்கள். ஒருநாள் முள்ளை நம்பாமல் வாரச் சராசரியை எழுதி வையுங்கள். உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோ ஏற்றி இறக்கும்.

கடைசியாக ஒன்று. இதே வகையில் பெயர்பெற்ற ‘ஜி.எம். டயட்’ என்ற ஏழு நாள் உணவுமுறையில் நாலாம் நாள் எட்டு வாழைப்பழம், மூன்று டம்ளர் பால். எட்டுப் பழத்தில் மட்டும் 3,000 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானவருக்கு அது ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று விட்டால் சர்க்கரை விழுந்து, வியர்த்து, மயங்கிச் சாய்வார். இவர்கள் செய்யக்கூடாது என்று ஒரே ஒரு வரி அந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா? தோழியின் கையில்தான் பக்கம் இருக்கிறது, நடுவர் அவர்களே. எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள்.