பேரேட்டுல மாரியம்மனுக்கு ஒரு பக்கம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். மார்ச் கடைசில, ஊரே கணக்கு முடிக்கிற நேரம் பாத்து ஒரு கணக்குப்பிள்ளையப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க, நல்ல பொருத்தந்தான், ஆனா கேக்க வேண்டியவங்கள்ல பாதிப்பேரு இப்ப ஆடிட்டர் ஆபீஸ் வாசல்ல ஃபைலோட நிப்பீங்க. பரவால்ல, காதுல மாட்டிக்கிட்டாவது கேளுங்க.

நான் பேசப்போறது எங்க பெரியப்பாவப் பத்தி. விருதுநகர்க்காரரு. தொண்ணூத்தி மூணு வயசு வரைக்கும் இருந்தாரு. பேரு சொல்லல, பேரு போட்டா அவருக்குப் பிடிக்காது. பஜார்ல கணக்கு அண்ணாச்சின்னா தெரியும். வத்தல், பருப்பு கமிஷன் மண்டிலதான் வாழ்க்கை பூரா. சி.ஏ. எல்லாம் படிச்சவர் இல்ல, சிட்டை, அதாவது அன்னாட வரவு செலவு, எழுதுற பையனா உள்ள போயி அங்கயே பெரிய கணக்கரானவர். மாகாணி வாய்ப்பாடு, அதாவது பதினாறுல ஒரு பங்கு, அது வரைக்கும் மனப்பாடம், வட்டி கேட்டா நாம போன எடுத்துக் கால்குலேட்டரத் தேடுறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவாரு.

அவர எல்லாரும் தர்மவான்னுதான் சொல்லுவாங்க. அப்படிச் சொன்னா அவருக்கு முகம் சுருங்கிப் போகும். ஏன்னு புரியணும்னா அவர் எழுதுன பேரேட்ட, அதாவது ஆளுக்கொரு பக்கம் போட்டுக் கணக்கு எழுதுற பெரிய நோட்ட, திறந்து பாக்கணும்.

வருசா வருசம் புதுப் பேரேடு வாங்கி, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, மேல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழ ஸ்ரீ பராசக்தி மாரியம்மன் துணை. இது எல்லா மண்டிலயும் உண்டு. ஆனா இவரு முதல் பக்கத்த முதலாளி மூலதனத்துக்குக் குடுக்க மாட்டாரு. முதல் பக்கம் ஆத்தாளுக்கு. சும்மா பேரு எழுதி விட்டுர்றதில்ல, நிசமாவே ஒரு கணக்கு, பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம். கோவில்பட்டி வியாபாரிக்கு மண்டி இவ்வளவு பாக்கி, சாத்தூர் பார்ட்டிக்கு இவ்வளவு பாக்கி, மாரியம்மனுக்கு இவ்வளவு பாக்கி. ஆத்தா ஒரு கடன்காரி, அதாவது நாம குடுக்க வேண்டிய கடன், அப்படித்தான் எழுதி வச்சிருந்தாரு.

மகமைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தென்மாவட்டத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன். மூட்டைக்கு இவ்வளவுன்னு வியாபாரத்துல ஒரு சின்னத் தொகைய ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்குறது. எங்க ஊர்ல 1885-ல ஆரம்பிச்ச சத்திரிய வித்தியாசாலை, காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம், அது மகமைலயும் பிடியரிசிலயும் வளந்ததுதான். வீட்டுல உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனிப் பானைல போட்டு வைப்பாங்க, வந்து வாங்கிட்டுப் போவாங்க. அந்த ஊர்க் காத்துதான் பெரியப்பாவுக்கும். மண்டிக்கு மகமை, அவரு சம்பளத்துக்கு அவரே போட்டுக்கிட்ட ஒரு மகமை. வீட்டுச் செலவு நோட்டுலயும் முதல் பக்கம் ஆத்தாளுக்குத்தான்.

ஒரு பையன் காலேஜ் ஃபீஸுக்கு வந்து நிப்பான். இவரு ஒண்ணும் பேசாம நோட்ட எடுப்பாரு, விரல ஈரப் பஞ்சுல தொட்டு முதல் பக்கத்துக்குப் போவாரு, மீதி எவ்வளவு இருக்குன்னு பாப்பாரு, பற்றுல எழுதுவாரு, மை காயுற வரைக்கும் ஊதிட்டு அப்புறந்தான் பணத்த எண்ணுவாரு. அவன் கும்பிடப் போனா, "என்னய ஏம்ப்பா கும்புடுத, பணம் அவ பணம், கோயிலுக்குப் போயிக் கும்புடு"ம்பாரு. நடிப்பு கிடையாது நேயர்களே, அவரு எழுதி வச்ச கணக்குப்படி அதுதான் உண்மை.

இப்ப 1957-க்கு வாரேன், இந்தக் கதைய நான் எங்க போனாலும் சொல்லுவேன், வீட்டுல கேட்டு அலுத்துட்டாங்க, நீங்க மாட்டிக்கிட்டீங்க. அந்த வருசம் ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்துச்சு. அதுவரைக்கும் ரூபாய்க்குப் பதினாறு அணா, அன்னைலருந்து நூறு பைசா. பெரியப்பா அப்ப இளவட்டம். பேரேட்டுல இருக்குற அத்தன பாக்கியையும் அணாலருந்து பைசாவுக்கு மாத்தணும். ஒரு அணான்னா ஆறேகால் பைசா, கால் பைசா எங்க இருக்கு? அதனால சர்க்கார் பட்டியல் போட்டாங்க, ஒரு அணாவுக்கு ஆறு, ரெண்டுக்குப் பன்னெண்டு, மூணுக்குப் பத்தொம்பது, நாலணாவுக்கு இருபத்தஞ்சு.

இதுல என்ன வினைன்னா, நாலு பேரு ஆளுக்கு ஒரு அணா பாக்கின்னு வைங்க. தனித்தனியா மாத்துனா நாலாறு இருபத்திநாலு. மொத்தமா நாலணான்னு மாத்துனா இருபத்தஞ்சு. ஒரு பைசாவக் காணோம். இன்னொரு பக்கம் ரெண்டு பேரு ஆளுக்கு மூணணா, தனித்தனியா முப்பத்தெட்டு, மொத்தமா ஆறணாவுக்கு முப்பத்தேழுதான், அங்க ஒரு பைசா கூடுது. இப்படிப் பக்கம் பக்கமா, நூத்துக்கணக்கான பேரு கணக்குல. ராத்திரி பூரா அரிக்கேன் வெளிச்சத்துல கூட்டிக்கிட்டே இருந்திருக்காரு. முதலாளி சொன்னாராம், இதுக்குப் போயா ஏப்பா, சில்லறைச் செலவுல எழுதித் தள்ளு. இவரு கேக்கல. கூடுன பைசா எல்லாத்தையும் ஆத்தா பக்கத்துல வரவு வச்சாரு, குறைஞ்ச பைசாவத் தன் சட்டைப் பையிலருந்து எடுத்துக் கல்லாவுல போட்டாரு. ரெண்டையும் நேர் பண்ணிருக்கலாமேன்னு நான் கேட்டிருக்கேன். "கூடுனது யாரு காசுன்னு தெரியாதுல்ல, தெரியாத காசு அவளுக்கு. குறைஞ்சது எங் கூட்டல்ல வந்தது, அது எனக்கு." எனக்கு இன்னைக்கும் இந்த நியாயம் முழுசா ஒத்துக்க முடியல, பட்டியல் போட்டது சர்க்காரு, இவரு ஏன் குடுக்கணும்? ஆனா அவரு அப்படித்தான்.

சாமி விசயத்துலயும் கணக்குதான். மாரியம்மனுக்கு அடுத்து அவருக்குப் பிடிச்ச ஊரு திருவீழிமிழலை, பூந்தோட்டம்ங்கற ஊருக்குப் பக்கத்துல. எங்க எல்லாரையும் வேன்ல அள்ளிப்போட்டுக் கூட்டிட்டுப் போவாரு, போற வழி பூரா அதே கதை. பஞ்ச காலத்துல சம்பந்தருக்கும் அப்பருக்கும் அடியாருக்குச் சோறு போடச் சொல்லி சிவபெருமான் தினமும் பீடத்துல ஆளுக்கொரு பொற்காசு வைக்காரு. அப்பர் மடத்துல நேரத்துக்குச் சாப்பாடு, சம்பந்தர் மடத்துல லேட்டு. என்னன்னா சம்பந்தர் காசுக்குக் கடைக்காரன் வட்டம், அதாவது கழிவு, புடிக்கான், தங்கம் மாத்துக் குறைவுன்னு. அப்பர் உழவாரம் புடிச்சுக் கை வேலை பாத்தவரு, அதனால அவருக்கு நல்ல காசு. உடனே சம்பந்தர் பாடுறாரு, "வாசி தீரவே காசு நல்குவீர்"ன்னு, அதாவது இந்தக் கழிவு இல்லாத காசாக் குடும்னு சாமியவே கேக்காரு. பெரியப்பா அந்தப் பீடத்துக்கு முன்னாடி நின்னு சிரிப்பாரு. சாமி குடுத்த காசையே மாத்துப் பாத்து வாங்குன ஊருய்யா இது, நாம உண்டியல்ல கிழிஞ்ச நோட்டப் போடுறோமேம்பாரு. அவரு போட மாட்டாரு. கிழிஞ்ச நோட்டு கைக்கு வந்தா பேங்க்குல கியூவுல நின்னு மாத்திட்டுத்தான் கோயில், பிச்சைக்காரருக்குக் குடுக்குறதும் அப்படியே, செல்லாததத் தள்ளி விடுற வேலையே கிடையாது.

இன்னொண்ணு சொல்லிர்றேன். எழுபதுகளோட கடைசில பிஜ்லி காட்டன் மில்ஸ்னு ஒரு வழக்கு, வருமான வரி வழக்கு, வடக்க உள்ள கம்பெனி. பில்லுல தர்மத்துக்குன்னு தனியா வாங்குன தொகை கம்பெனி வருமானமா இல்லையான்னு கேள்வி. சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, தர்மத்துக்குன்னு பேரு வச்சு வாங்குனது வியாபார வருமானம் இல்லன்னு. ஆடிட்டர் வந்து இதச் சொன்னப்ப பெரியப்பா ரெண்டு நாளைக்கு மண்டில வாரவன் போறவன்ட்டல்லாம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. முதல் பக்கத்துப் பணம் நம்ம பணம் இல்லன்னு தான் எழுதி வச்சதுக்கு டெல்லிலருந்து கையெழுத்து வந்துட்ட மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, இன்னும் ரெண்டு நிமிசமாம். பாருங்க, குடும்பத்தப் பத்தித்தான் நெறைய வச்சிருந்தேன். சுருக்கமாச் சொல்றேன், மூணு பொண்ணுக, மூணு பேரையும் படிக்க வச்சாரு, கல்யாணச் செலவு நோட்டு ஆளுக்கொண்ணு போட்டு அவங்கவங்க கைலயே குடுத்தாரு. பெரியம்மாவுக்கு மாசம் ஒரு தொகை, அதுக்கு மட்டும் கணக்குக் கேட்டதே இல்ல, பெரியம்மா அதுல என்ன பண்ணுனாங்கங்கறது தனிக் கதை, அதுக்கு நேரமில்ல. பங்குனிப் பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள கே.வி.எஸ். கிரவுண்டு, அதான் அந்தச் சத்திரிய வித்தியாசாலை மைதானம், அங்க நடக்குற பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போயி ராட்டினத்துல ஏத்திட்டுக் கீழ நின்னு கை தட்டுவாரு. 1989-லருந்து எல்லாருக்கும் ஏப்ரல் மார்ச்சுதான் கணக்கு வருசம்னு ஆன பெறகும் சித்திரை ஒண்ணுக்கு வீட்டு நோட்டு புதுசு போடுறத விடல. கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற டேலி வந்துச்சு, ஜி.எஸ்.டி. வந்துச்சு, பேரன் லேப்டாப்பக் காட்டுனப்ப, "இதுல முதல் லெட்ஜர் யாரு பேருல இருக்கு"ன்னு மட்டும் கேட்டாரு. இப்ப அந்த மண்டி டேலில மகமை லெட்ஜர் இருக்கு, ஆனா அகர வரிசைங்கறதால நடுவுல எங்கயோ கெடக்கு.

உங்க வீட்டுப் பரண்ல சிவப்பு அட்டை போட்ட பழைய பேரேடு இருந்தா பழைய பேப்பர்க்காரருக்கு எடை போடாதீங்க, முதல் பக்கத்தத் திறந்து பாத்துட்டு நிலையத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. நேரம் முடிஞ்சிருச்சு. வணக்கம்.