அமெரிக்கச் சேலத்தில் ஒரு நாள்

வந்திருந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பாஸ்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். பக்கத்தில் சேலம் என்று ஊர் இருக்கிறதாமே, சூனியக்காரிகளை எரித்த ஊராம். ஒரே நாளில் பார்த்துவிடலாமா?"

தாராளமாகப் பார்க்கலாம் அம்மா. நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணி நேரம்தான். அக்டோபரில் மட்டும் வேண்டாம், ஹாலோவீன் கூட்டம் தாங்காது. ஆனால் அங்கே யாரையும் எரிக்கவில்லை. 1692இல் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதிய விவசாயி வழக்கில் பதில் சொல்ல மறுத்ததால், அவர்மேல் கல்லை ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். ஒருவர்கூடச் சூனியம் வைத்தவர் இல்லை.

நான் எப்போதும் சொல்வதுதான்: பழைய ஊருக்குப் போனால் ஒரு மனிதரின் பெயரையாவது தெரிந்துகொண்டு போங்கள். இங்கே பிரிட்ஜெட் பிஷப். முதலில் தூக்கிலிடப்பட்டவர் அவர்தான். பொம்மைக் காட்சிகளுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால், சார்ட்டர் தெருக் கல்லறையை ஒட்டிய நினைவிடத்துக்குப் போங்கள். டிக்கெட் கிடையாது. சுவரிலிருந்து 20 கல் திண்ணைகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றிலும் பெயரும் இறந்த நாளும். நுழையும்போது குனிந்து தரையைப் பாருங்கள். நாங்கள் குற்றமற்றவர்கள் என்று அவர்கள் மன்றாடிய சொற்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வாக்கியம் பாதியிலேயே சுவருக்கு அடியில் போய்விடும். அந்த இடத்தை விட்டு எனக்கு நகர மனம் வரவில்லை.

சரி, அப்புறம் டெர்பி வார்ஃப். கடலுக்குள் கிட்டத்தட்ட 800 மீட்டர் நீளும் பழைய கப்பல் துறை, நுனியில் சின்னதாக ஒரு லைட்ஹவுஸ். இந்த ஊர்க் கப்பல்கள்தான் மிளகுக்காகச் சுமத்ரா வரை போனவை.

"அந்தச் சேலத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது எனக்கு. பெயரில் சம்பந்தமில்லை, அது பைபிளில் வரும் சாலேம். ஆனால் 1790 டிசம்பரில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார், மெட்ராஸ்காரர் ஒருவரை அந்த ஊரில் பார்த்ததாக டயரியில் எழுதுகிறார். நல்ல கறுப்பு, நீண்ட கருங்கூந்தல், சாந்தமான முகம், உயரமான ஆள். கப்பல் கேப்டன் ஒருவரோடு வந்தவர். இத்தனையும் எழுதிய பாதிரியார், அந்த மெட்ராஸ்காரரின் பெயரை எழுதவில்லையே! பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஏக்கத்தில்தான்.

வார்ஃபின் நுனி வரை நடங்கள் அம்மா. அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடல் காற்று ஊசி மாதிரி குத்தும், சால்வை எடுத்துக்கொண்டு போங்கள்.