சோகத்துக்கு ஏன் முதலில் சோகப் பாட்டு?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், விடியற்காலை. செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி.]

வணக்கம். போன மாதம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு சாவு. அடுக்குமாடி, நான்காவது மாடி. உடல் வந்து அரை மணி நேரம் ஆகியும் வீட்டில் சத்தமே இல்லை. கீழ் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கைப்பேசியில் ஒரு பக்திப் பாடலைப் போட்டு, ஸ்பீக்கரை மூலையில் வைத்தார்.

அப்போதுதான் தோட்டத்திலிருந்து அந்தப் பாட்டி வந்தார். எண்பது வயதுக்கு மேல். நாற்பது வருடம் ரப்பர் பால்மரம் சீவியவர். உள்ளே வந்ததும் முதலில் சொன்னது, "அத அடைங்கய்யா." அப்புறம் தரையில் உட்கார்ந்து, இறந்தவரின் மனைவியைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்.

முதல் வரிக்கு அந்த அத்தை அசையவில்லை. மூன்றாவது வரியில் உடல் குலுங்கியது. அப்புறம் அவரே ஒரு வரி சேர்த்தார், பாட்டி அடுத்த வரியை எடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசல். காலி நாற்காலி.]

மனசு சரியில்லாதவரிடம் நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? "ஜாலியா ஒரு பாட்டு கேளு, சரியாப் போயிடும்." என் அப்பா இறந்தபோது என்னிடமும் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தேன். குத்துப் பாட்டு முடிவதற்குள் எனக்கு வந்தது கோபம். இந்த உலகத்துக்கு என் வீட்டில் நடந்தது தெரியவே தெரியாதா என்று தோன்றியது.

1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அய்ரா ஆல்ட்ஷூலர் என்ற மனநல மருத்துவர், நோயாளிகளுக்கு இசை கொடுத்துப் பார்த்தார். நோயாளி இப்போது எந்த மனநிலையில் இருக்கிறாரோ, அதற்கு ஒத்த இசையில் தொடங்க வேண்டும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, போக வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும். அவர் கண்ட வழி இதுதான். சோர்ந்து கிடப்பவருக்கு மெதுவான, கனமான இசை. கொதித்துப் போயிருப்பவருக்கு வேகமான, சத்தமான இசை. இன்றைக்கும் இசைச் சிகிச்சை படிப்பவர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடங்களில் இது ஒன்று.

நம் பாட்டி மிச்சிகன் போனதில்லை. ஆனால் செய்தது அதையேதான். முதலில் துக்கத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நகர்த்துவதெல்லாம் அதற்கு அப்புறம்.

[காட்சி: மூச்சு உள்ளே போய் வெளியே வருவதைக் காட்டும் எளிய கோட்டுப் படம்.]

இப்போது உடம்புக்கு வருவோம். ஒப்பாரியை நன்றாகக் கவனித்துப் பாருங்கள். வரியின் கடைசியில் குரல் இறங்கி, இழுத்து, நீண்டு போகும். அப்படி இழுக்க மூச்சை மெதுவாகத்தான் விட முடியும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் என்ற நரம்பு வேலை செய்து, இதயத் துடிப்பைத் தணிக்கிறது. பயத்திலும் அதிர்ச்சியிலும் நாம் மேல் மூச்சு, கீழ் மூச்சு வாங்குவோமே, அதற்கு நேர் எதிர் இது. தாலாட்டிலும் இப்படித்தான். குழந்தை தூங்குகிறதோ இல்லையோ, பாடுகிற தாய்க்குப் பாதி களைப்பு போய்விடும்.

வெறுமனே கேட்டாலும் மூச்சு மாறுகிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 24 பேருக்குப் பலவகை இசையைப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஓர் இந்திய ராகமும் இருந்தது. வேகமான இசைக்கு மூச்சும் துடிப்பும் ஏறின. மெதுவான இசைக்குத் தணிந்தன. எந்த வகை இசை என்பதை விட, அதன் வேகம்தான் உடம்பை அசைத்தது. இன்னொன்றையும் கண்டார்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டு கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறதே, அது என்ன கணக்கு என்று கேட்பீர்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. பிடித்த பாட்டில் அந்தச் சிலிர்க்கும் இடம் வரும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது வருவதற்குச் சற்று முன்பு, 'இதோ வருது' என்று காத்திருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் நூறு தடவை கேட்ட பாட்டும் அலுப்பதில்லை. தெரிந்த பாட்டுக்குத்தான் காத்திருக்க முடியும்.

என் மாமா ஒருவர், முன்பு தோட்டத்தில் தண்டல் (வேலையாட்களை மேற்பார்த்தவர்), பக்கவாதத்தில் விழுந்தார். பார்க்கப் போனவர்கள் எல்லாரும் அவருக்கு அறிவுரை சொன்னார்கள். அவர் மனைவி மட்டும் காலையில் மின்னல் எஃப்எம் வானொலியைத் திருப்பி வைத்தார். அவருக்கு அது இன்னமும் பழைய 'வானொலி ஆறு'தான். பின்லாந்தில் 2008இல் இதே போன்ற நோயாளிகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தினமும் பிடித்த பாட்டைக் கேட்டவர்கள், கதை ஒலிநாடா கேட்டவர்களை விடவும், எதுவும் கேட்காதவர்களை விடவும் சொற்களை நினைவில் வைப்பதில் நன்றாகத் தேறினார்கள். எதுவும் கேட்காதவர்களைப் போல மனச்சோர்விலும் விழவில்லை. மாமா எதனால் தேறினார் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தும் இருந்தது, பிசியோதெரபியும் இருந்தது. ஆனால் பாட்டு ஓடிய நேரத்தில் அவர் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

[காட்சி: கைப்பேசித் திரை, ஐந்து பாட்டுக்கான காலி வரிசை.]

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். ஐந்து பாட்டு எடுத்துக்கொள்வேன். முதல் இரண்டும் இப்போதைய மனசுக்கு. அழுகை வந்தால் வரட்டும். மூன்றாவது, சோகம் இருந்தாலும் கொஞ்சம் காற்றோட்டம் உள்ள பாட்டு. நான்காவதில் கால் தானாகத் தட்ட வேண்டும். ஐந்தாவது, கூடவே பாடக்கூடியதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில் கேட்டதைப் போடுவேன். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகள்தான் நினைவில் ஆழமாக ஒட்டிக்கொள்கின்றன.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனம். ஒரே சோகப் பாட்டை இரவு இரண்டு மணி வரைக்கும் சுற்றிச் சுற்றிக் கேட்பது வேறு விஷயம். முதல் பாட்டிலேயே நின்றுவிட்டால் மனசு அதே இடத்தில் செக்குமாடு மாதிரி சுற்றும். ஏற்கனவே மனச்சோர்வு உள்ளவர்களை இது இன்னும் கீழே இழுக்கலாம். கேட்டு முடித்த பிறகு கொஞ்சம் இலேசாக இருக்கிறதா, இன்னும் கனமாக இருக்கிறதா? கனமென்றால் அந்தப் பாட்டைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

'இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுமே, அதை நான் நம்புவதில்லை. நீலாம்பரி தூக்கத்துக்கு இதம்தான். ஆனால் தாலாட்டில் கேட்டு வளர்ந்தவருக்கு அது தரும் இதம், கேட்டே இராதவருக்கும் அப்படியே கிடைக்குமா என்ன?

[காட்சி: உருமி மேளக் குழு, கோயில் வாசல். வளைந்த குச்சி தோலை உரசும் அண்மைக் காட்சி.]

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆக்ஸ்போர்டில் ராபின் டன்பாரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாடியவர்கள், ஆடியவர்கள், பறைகொட்டியவர்களுக்கு வலியைத் தாங்கும் அளவு கூடியது. சும்மா உட்கார்ந்து கேட்டவர்களுக்குக் கூடவில்லை. காவடி எடுப்பவருக்கு உருமி ஏன் வேண்டும் என்று இதைப் படித்ததும்தான் எனக்கு விளங்கியது. பக்தி தனி, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் சுற்றி நிற்கும் இருபது பேரும் ஒரே தாளத்தில் அசைவது உடம்புக்குள் ஏதோ செய்கிறது.

தோட்டத்தில் இது தானாகவே நடந்தது. நாம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு பாட்டு காதுக்குள் போய்விட்டது. ஆளுக்கொரு ஹெட்போன். அந்த வீட்டு மூலையில் இருந்த ஸ்பீக்கரும் அப்படித்தான். பாடியது, ஆனால் யாரையும் பாட வைக்கவில்லை.

[காட்சி: கரும் பின்னணி, எழுத்து மட்டும்.]

பாட்டால் முடியாததையும் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பின் 2017 மதிப்பாய்வு 9 ஆய்வுகளை, 421 பேரை அலசியது. வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேர்ந்தபோது மனச்சோர்வு குறுகிய காலத்தில் குறைந்தது. 'சேர்ந்தபோது' என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அதுவும் பயிற்சி பெற்றவர் கூட உட்கார்ந்து செய்தது, நம் ஐந்து பாட்டு வரிசை இல்லை.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2019இல் அது 2.3. நம் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. நாம் என்ன செய்தோம்? ஊர்ப் பெயரையே திட்டு வார்த்தையாக்கிவிட்டோம். 'அவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு' என்று சிரித்தே பழகியவன், தனக்கு என்று வரும்போது எந்த முகத்தோடு டாக்டரிடம் போவான்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் பாட்டைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. தன்னார்வலர்கள் நடத்தும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும். 2023இலேயே தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை நீக்கிவிட்டார்கள். போலீஸ் வரும் என்று பயந்து யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம்.

[காட்சி: மீண்டும் லயத்து வாசல். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.]

பெர்னார்டி கண்ட இன்னொன்றைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இசைக்கு நடுவே 2 நிமிடம் எதுவும் போடாமல் விட்டார்கள். அப்போதுதான் மூச்சும் துடிப்பும் மற்ற எல்லா நேரத்தையும் விட அதிகமாகத் தணிந்தன. இசை தொடங்கும் முன் இருந்ததை விடவும் கீழே. அந்தப் பாட்டியும் ஒப்பாரி முடித்ததும் உடனே எழுந்து போகவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்கு அப்புறம்தான் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பேச்சு வந்தது.

நானும் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். பின்னணி இசை போடவில்லை. கேமரா ஓடட்டும்.

[காட்சி: லயத்துத் தகரக் கூரையில் மழை. 2 நிமிடம்.]